இன்டர்வியூ முடிந்து பன்னிரண்டு நாள், இன்னும் பதில் இல்லை

டர்பனில் வெஸ்ட்வில் பகுதியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 33. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். கல்யாணமாகி எட்டு வருடத்துக்கு முன் தென்னாப்பிரிக்கா வந்தவர். நிரந்தரமாகத் தங்கும் உரிமை இருக்கிறது. கணவர் டர்பனிலேயே பிறந்து வளர்ந்தவர். நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. துறைமுகச் சரக்குகளுக்கான மென்பொருள் செய்யும் ஒரு நிறுவனத்தில் ஐந்து வருடமாக ஜாவா டெவலப்பர்.

ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள ஒரு பணப்பரிமாற்ற நிறுவனத்தில், வீட்டிலிருந்தே செய்யும் வேலைக்கு விண்ணப்பித்தார். முதல் இரண்டு சுற்றுகளும் நன்றாகப் போயின. மூன்றாவது, இரண்டு மணி நேரத் தொழில்நுட்பச் சுற்று, நவம்பர் 26, புதன்கிழமை வீடியோவில் நடந்தது. எதிரே மூன்று பேர். முதல் கேள்வி கோடிங், சரியாக முடித்தார். இரண்டாவது, வாடிக்கையாளர் ‘பே’ பட்டனை இரண்டு முறை அழுத்திவிட்டால் பணம் இரண்டு முறை கழியாமல் எப்படித் தடுப்பது என்பது. டேட்டாபேஸ் லாக், அதாவது ஒரு கோரிக்கை முடியும்வரை அந்தப் பதிவைப் பூட்டி வைப்பது, என்று சொன்னார். “நடுவில் சர்வர் விழுந்துவிட்டால்?” என்று கேட்டார்கள். ஒரு நிமிடம் பேச்சே வரவில்லை. ஒருவர் ஒரு குறிப்புக் கொடுத்த பிறகு விடையைப் பிடித்துவிட்டார். மூன்றாவது, டேட்டாபேஸில் வேகமாகத் தேட உதவும் இண்டெக்ஸில் எந்தத் தகவல் பத்தி முதலில் வர வேண்டும் என்ற வரிசை பற்றியது. அதில் தடுமாறினார். கடைசியில் மனிதவளப் பிரிவுக்காரர், “சின்னக் குழந்தை இருக்கிறதே, இரண்டாவது குழந்தை யோசனை உண்டா? ராத்திரி ஆன்‑கால் பார்க்க முடியுமா?” என்று கேட்டார். கோளாறு வந்து கூப்பிட்டால் ராத்திரியிலும் வேலை பார்ப்பதுதான் ஆன்‑கால். சொன்ன நேரத்துக்கு இருபது நிமிடம் முன்பே முடித்துவிட்டார்கள். ஒருவர் கடைசிவரை கேமராவே போடவில்லை. இன்னொருவர் முழு நேரமும் டைப் செய்துகொண்டிருந்தார்.

கடிதம் எழுதியது டிசம்பர் 8. அதுவரை பதில் இல்லை. அந்த வேலைக்கான விளம்பரம் லிங்க்ட்இனில் இன்னும் இருக்கிறது. ஒரு நாளைக்குப் பத்து முறை போய்ப் பார்க்கிறார். “எனக்கு நானே நூற்றுக்கு முப்பதுதான் போடுவேன். தோற்றுவிட்டேன் என்றுதானே அர்த்தம்? சரியான விடைகளை எழுதி இப்போது மெயில் அனுப்பட்டுமா? என்ன மார்க் போட்டார்கள் என்று கேட்க எனக்கு உரிமை உண்டா? எதுவானாலும் இப்போதைய வேலையை விட்டுவிடு, ஜனவரியில் வேறு தேடலாம் என்கிறார் வீட்டுக்காரர். அத்தை தினமும் சாயங்காலம் ‘என்னம்மா ஆச்சு?’ என்று கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?” என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆலோசகராக. இரண்டாவது முறை, பல வருடம் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மார்க் போட்டவனாக. இந்த வேலைக்கு வருவதற்கு முன் நானும் மென்பொருள் துறையில் இருந்தேன். ஆள் எடுக்கும் குழுக்களில் நிறைய உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்து நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள் என்று சொல்ல என்னால் முடியாது. ஆனால் ‘முப்பது மார்க்’ என்று நீங்கள் போட்ட கணக்கு தவறு என்று சொல்ல முடியும். ஏன் என்று சொல்கிறேன்.

ஒழுங்காக நடத்தப்படும் தொழில்நுட்ப இன்டர்வியூ, பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரி நடப்பதில்லை. பரீட்சையில் எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதினால் நூறு. இங்கே நீங்கள் ஒன்றைச் சரியாகச் சொன்னால், அதைவிடக் கடினமான அடுத்த படிக்குப் போவார்கள். அதையும் சொன்னால் இன்னும் ஒரு படி. எந்த இடத்தில் உங்களுக்குத் தெரிவது முடிகிறது, அந்த இடத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பார்ப்பதுதான் அவர்கள் நோக்கம். அதனால் நல்லவர், சுமாரானவர் எல்லோருமே தங்களுக்குத் தெரியாத இடத்தில் நின்றுதான் வெளியே வருகிறார்கள். “நடுவில் சர்வர் விழுந்துவிட்டால்?” என்ற கேள்வியை, லாக் என்ற விடை வரைக்கும் வராதவரிடம் யாரும் கேட்க மாட்டார்கள். நீங்கள் முதல் படியைத் தாண்டியதால் வந்த கேள்வி அது.

உங்கள் விடையையே எடுத்துப் பார்ப்போம். லாக் என்றது முட்டாள்தனமான பதில் இல்லை. ஒரே நேரத்தில் வரும் இரண்டு கோரிக்கைகளை அது தடுக்கும். பணம் கழிந்துவிட்டது, பதில் திரும்பிப் போவதற்குள் சர்வர் விழுந்தது, வாடிக்கையாளர் மறுபடி அழுத்துகிறார் என்ற நிலையில்தான் லாக் கைகொடுக்காது. அங்கே ஒவ்வொரு கோரிக்கையோடும் ஒரு தனி எண் வரவேண்டும். அந்த எண்ணைப் பணம் கழித்த பதிவோடு சேர்த்தே எழுதி வைக்க வேண்டும். அதே எண் மறுபடி வந்தால் பழைய பதிலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு குறிப்பில் நீங்கள் இங்கே வந்து சேர்ந்திருக்கிறீர்கள். நான் இருந்த குழுக்களில் இதைத் தோல்வி என்று எழுதியதில்லை. ‘ஒரு குறிப்போடு’ என்று எழுதுவோம். குறிப்புக் கொடுத்தும் தான் சொன்னதையே பிடித்துத் தொங்குகிறவர்கள் உண்டு. அவர்களைப் பற்றித்தான் நாங்கள் கவலைப்படுவோம்.

மூன்றாவது கேள்வியில் நீங்கள் தடுமாறியது உண்மை. வாடிக்கையாளர் எண், தேதி என்ற வரிசையில் போட்ட இண்டெக்ஸ், தேதியை மட்டும் வைத்துத் தேடும்போது பெரிதாக உதவாது. இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம்தான். அங்கே மார்க் குறைந்திருக்கும். ஆனால் ஐந்து வருட அனுபவம் உள்ள ஒருவரை வேண்டாம் என்று சொல்ல, பெரும்பாலும் இது ஒன்று மட்டும் போதாது.

மனசு போடும் கணக்கு

அப்படியானால் ஏன் முப்பது என்று தோன்றுகிறது? இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. 1993இல் டேனியல் கானமன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை வெளியிட்டார்கள். ஆட்களை 14 டிகிரி குளிர்ந்த நீரில் ஒரு நிமிடம் கை வைத்திருக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை, அதே ஒரு நிமிடத்தோடு கூடுதலாக அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தில் நீர் மெதுவாக 15 டிகிரிக்கு ஏறும். எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீண்டதையே தேர்ந்தெடுத்தார்கள். மொத்த வலி அதில்தான் அதிகம்; ஆனால் முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததால் நினைவு அதை லேசாக்கிவிட்டது. உங்களுக்கு இது தலைகீழாக நடந்திருக்கிறது. முதல் நாற்பது நிமிடம் நன்றாகப் போனது நினைவில் இல்லை. வாயடைத்துப் போன ஒரு நிமிடமும், சங்கடமான கடைசிக் கேள்வியும்தான் நிற்கின்றன.

அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி இன்னொன்று. 1998இல் வெளியான ஓர் ஆய்வில் சிலருக்குச் சின்னக் கோப்பைகளில் பானம் கொடுத்தார்கள். அதில் ஒன்று மட்டும் குடிக்க முடியாத சுவை. முகத்தில் காட்டிக்கொள்ளாமல் குடிக்க வேண்டும். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேர் கண்டுபிடித்திருப்பார்கள் என்று கேட்டால், குடித்தவர்கள் உண்மையைவிட அதிகமாகவே சொன்னார்கள். உள்ளே நடப்பது வெளியே அப்படியே தெரிகிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நீங்கள் உள்ளே நடுங்கியது அவர்களுக்கு ‘யோசிக்கிறார்’ என்று மட்டும் தெரிந்திருக்கலாம்.

இதை அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் குழுவில் இருந்த ஒரு தேர்வில், ஒரு இளைஞர் கடைசிக் கேள்வியில் சுத்தமாகச் சிக்கிக்கொண்டார். அன்று சாயங்காலம் நாங்கள் மூவரும் தனித்தனியாக எழுதிய மார்க்கைச் சேர்த்துப் பார்த்தபோது அவர்தான் முதலிடம். அதே ராத்திரி பதினொரு மணிக்கு, “உங்கள் நேரத்தை வீணாக்கிவிட்டேன், என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன்” என்று அவர் மெயில் அனுப்பிவிட்டார். அலுவலகம் அதை அப்படியே பதிவு செய்தது. எனக்குத் தெரிய வந்தபோது மூன்று நாள் ஆகிவிட்டது. அந்த இடம் இரண்டாமவருக்குப் போயிருந்தது. அப்போதும் அவரைப் போனில் கூப்பிட்டு ‘நீங்கள்தான் முதலிடம்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்றும் அது உறுத்துகிறது. அதனால் கேட்டுக்கொள்கிறேன், தயவுசெய்து விலகல் மெயில் எதுவும் அனுப்பிவிடாதீர்கள்.

நீங்கள் பார்த்த அறிகுறிகள்

டைப் செய்துகொண்டே இருந்தவர், பெரும்பாலும் நீங்கள் சொன்னதைக் குறித்துக்கொண்டிருந்திருப்பார். ஒழுங்கான குழுவில் ஒருவர் கேட்பார், ஒருவர் எழுதுவார். பிற்பாடு மார்க்குக்குக் காரணம் காட்ட அந்தக் குறிப்புத்தான் ஆதாரம். கேமரா போடாதவர் புதிதாக இன்டர்வியூ எடுக்கப் பழகுகிறவராக இருக்கலாம். இருபது நிமிடம் முன்னால் முடிந்ததற்கு, கேள்விகள் தீர்ந்துவிட்டன என்பதைத் தவிர நான் வேறு அர்த்தம் கொடுக்க மாட்டேன். விளம்பரம் நீடிப்பதும் அப்படித்தான். தேர்வானவர் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை பல நிறுவனங்கள் அதை எடுப்பதில்லை.

எனக்கே கவலை தந்திருக்கக்கூடிய அறிகுறிகள் வேறு. இரண்டு மணி நேரமும் முதல் கேள்வியிலேயே போயிருந்தால். குறிப்பு மேல் குறிப்பு கொடுத்தும் விடை வராமல், “சரி, அடுத்ததுக்குப் போவோம்” என்றிருந்தால். நீங்கள் கேட்க நினைத்ததைக் கேட்க நேரமே தராமல் முடித்திருந்தால். இதில் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை.

தாமதத்துக்கு வருவோம். பன்னிரண்டு நாள் என்கிறீர்கள். எண்ணிப் பார்த்தால் வேலை நாள் எட்டுத்தான். அதுவும் எந்த மாதம்! இங்கே தென்னாப்பிரிக்காவில் டிசம்பர் 16 நல்லிணக்க நாள் விடுமுறையைச் சுற்றிப் பல அலுவலகங்கள் மூட ஆரம்பித்து ஜனவரியில்தான் திறக்கின்றன. சம்பளத்துக்கு ஒப்புதல் தர வேண்டியவர் லீவில் போய்விட்டால் உங்கள் கோப்பு அப்படியே கிடக்கும். உங்கள் தகுதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உங்களைவிடச் சிறப்பாகச் செய்த ஒருவர் இருக்கலாம், உள்ளேயே ஒருவருக்கு அந்த இடம் போகலாம், பட்ஜெட் நிற்கலாம். நன்றாகச் செய்தும் கிடைக்காமல் போவது நடக்கிறது.

மெயில் அனுப்பலாமா?

திருத்திய விடைகளை இப்போது அனுப்ப வேண்டாம். இன்டர்வியூ நடந்த அன்றோ மறுநாளோ, நன்றி சொல்லும் மெயிலில் “இண்டெக்ஸ் கேள்வியை மறுபடி யோசித்தேன்” என்று இரண்டு வரி எழுதியிருந்தால் அழகாக இருந்திருக்கும். இரண்டு வாரம் கழித்து ஒரு பக்கம் எழுதினால், அவர்கள் மறந்துபோன தடுமாற்றத்தை நீங்களே எடுத்துக் காட்டுவதாக ஆகும்.

அதற்குப் பதிலாக, இந்த வாரமே, அலுவலகம் மூடுவதற்குள் மூன்றே வாக்கியம் எழுதுங்கள். நவம்பர் 26 உரையாடலுக்கு நன்றி. இந்த வேலையில் எனக்கு ஆர்வம் இருக்கிறது. முடிவு விடுமுறைக்கு முன் தெரியுமா, ஜனவரியிலா என்று சொன்னால் உதவியாக இருக்கும். அவ்வளவுதான். பதில் இல்லையென்றால் ஜனவரி இரண்டாம் வாரத்தில் இன்னொன்று. அதற்கும் பதில் இல்லையென்றால் அந்தக் கதவு மூடியதாக வைத்துக்கொண்டு அடுத்த விண்ணப்பத்துக்குப் போங்கள். உண்மையில் அடுத்த விண்ணப்பத்தை இப்போதே போட்டுவிடலாம்.

அப்புறம் ஒரு தாளை எடுத்து நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம், என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன், எங்கே குறிப்பு வந்தது. வலப்பக்கம், எனக்கு என்ன தோன்றியது. ‘எரிச்சலாகப் பார்த்தார்’ என்பதெல்லாம் வலப்பக்கம் போகட்டும். இடப்பக்கத்தை மட்டும் படித்து மார்க் போட்டுப் பாருங்கள். அடுத்த இன்டர்வியூவுக்கு எதைப் படிக்க வேண்டும் என்பதும் அந்தப் பக்கத்திலேயே கிடைக்கும்.

குழந்தையைப் பற்றிய கேள்வி

இதை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். “நான் இன்னும் அங்கே வேலைக்கே சேரவில்லை, எனக்கு என்ன உரிமை?” என்றும் ஒரு வரி. அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவின் 1998ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, பாலினம், கர்ப்பம், குடும்பப் பொறுப்பு போன்ற காரணங்களுக்காக நியாயமற்ற பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. 9ஆம் பிரிவு, வேலைக்கு விண்ணப்பிப்பவர்களுக்கும் அது பொருந்தும் என்கிறது. ராத்திரி ஆன்‑கால் பார்க்க முடியுமா என்று எல்லோரிடமும் கேட்பது நியாயம். வேலைக்கு அது தேவை. இரண்டாவது குழந்தை யோசனை உண்டா என்பது வேலை சம்பந்தப்பட்ட கேள்வி ஆகாது.

அதே சமயம், தகாத ஒரு கேள்வி வந்ததாலேயே வழக்கு ஜெயித்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். அந்தக் காரணத்தால்தான் உங்களை ஒதுக்கினார்களா என்பதுதான் விஷயம். அது இன்னும் நடக்கவே இல்லை. இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். அன்று கேட்ட சொற்களை அப்படியே, யார் கேட்டார், எப்போது என்று தேதியோடு எழுதி வையுங்கள். பிறகு நிராகரிப்பு வந்து, இதுதான் காரணம் என்று நம்ப இடமிருந்தால், சி.சி.எம்.ஏ. எனப்படும் சமரச, நடுவர் ஆணையத்திடம் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம். கட்டணம் கிடையாது, டர்பனிலும் அலுவலகம் உண்டு. சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடும் காரணங்களில் பாகுபாடு என்று புகார் வந்தால், அப்படி நடக்கவில்லை என்றோ அது நியாயமானதுதான் என்றோ காட்டும் பொறுப்பு நிறுவனத்துக்கு. நான் வழக்கறிஞன் அல்ல. அந்தக் கட்டம் வந்தால் தொழிலாளர் சட்டம் தெரிந்தவரிடம் ஒரு முறை பேசிவிடுங்கள்.

மார்க் விஷயம். தானாக முன்வந்து சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. ஆனால் ‘போபியா’ என்று எல்லோரும் சொல்லும் 2013ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உங்களைப் பற்றி ஒரு நிறுவனம் வைத்திருக்கும் தகவலைக் கேட்கலாம். உங்களைப் பற்றி இன்னொருவர் எழுதிய கருத்தும் அதில் அடங்கும். மறுக்கவும் சில காரணங்களைச் சட்டம் அனுமதிக்கிறது. என் யோசனை, முடிவு வரும்வரை இதை எடுக்காதீர்கள். முடிவு வந்ததும் “எதில் முன்னேற வேண்டும் என்று சொல்ல முடியுமா?” என்று சாதாரணமாகக் கேளுங்கள். பல இடங்களில் அதற்கே பதில் கிடைக்கும்.

ராஜினாமா

உங்கள் வீட்டுக்காரர் உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார். தினமும் உங்கள் முகத்தைப் பார்ப்பவர் அவர். ஆனாலும் வேண்டாம். நீங்களாக ராஜினாமா செய்தால், வேலையின்மைக் காப்பீட்டு நிதியான யு.ஐ.எஃப். பணம் பொதுவாகக் கிடைக்காது. வேலை இல்லாத காலத்தில் நடக்கும் சம்பளப் பேச்சில் உங்கள் குரலும் தாழ்ந்துவிடும். ஒரு வருடத்துக்கு மேல் வேலை செய்தவர் சட்டப்படி கொடுக்க வேண்டிய நோட்டீஸ் நான்கு வாரம். உங்கள் ஒப்பந்தத்தில் அதிகமாக இருக்கலாம், எடுத்துப் பாருங்கள். புது இடத்திலிருந்து “உங்களைப் பிடித்திருக்கிறது” என்று போனில் சொன்னால்கூடப் போதாது. எழுத்தில் ஆஃபர் வந்து, பின்னணிச் சோதனை போன்ற நிபந்தனைகள் முடிந்து, இரண்டு பக்கமும் கையெழுத்தான பிறகு நோட்டீஸ் கொடுங்கள். பணம் கையாளும் நிறுவனங்களில் அந்தச் சோதனைக்கு நாள் பிடிக்கும். இப்போதைய வேலையில் உங்களுக்கு என்ன பிடிக்கவில்லை என்று கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை என்பதையும் கவனித்தேன். காத்திருப்பின் வலியை அந்த வேலையின் மேல் போட்டுவிடுகிறீர்களோ என்று தோன்றுகிறது. இதை இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள். தூக்கம் இல்லாமல், சாப்பாடு இறங்காமல் இது இன்னும் இரண்டு வாரம் நீடித்தால், குடும்ப டாக்டரிடமோ ஓர் ஆலோசகரிடமோ நேரில் போங்கள்.

கடைசியாக அத்தைக்கு என்ன பதில் என்று கேட்டீர்கள். அவர் உங்களுக்காகத் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருப்பதையும் எழுதியிருக்கிறீர்கள். தினமும் ஒரு புதுப் பதில் தேட வேண்டாம். “ஜனவரி பதினைந்து வரைக்கும் தெரியாது அத்தை, தெரிஞ்சதும் முதல்ல உங்ககிட்டதான் சொல்லுவேன்” என்று ஒரே ஒரு முறை சொல்லிவிடுங்கள். லிங்க்ட்இனைத் திறக்கக் கை போகும்போது உங்களுக்கும் அதே தேதிதான்.